சம்பளக் கணக்கிலிருந்து பிறந்த தொழில்



தோட்டத்தில் சம்பளக் கணக்கு எப்படி எழுதப்பட்டது என்பதைத் தோட்டத்துப் பெற்றோர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. காலையில் பெரட்டில் கொடுத்த பேர், பால் எடை, ஒட்டுப்பால் எடை, வெட்டிய செம்பனைக் குலை, அரைப்பேர் என எல்லாம் செக்ரோலில் ஏறும். மாத முடிவில் கிராணியார் அவற்றைக் கூட்டுவார். இ.பி.எப்., சொக்சோ, வாங்கிய முன்பணம் ஆகியவற்றைக் கழிப்பார். எஞ்சியதுதான் கைக்கு வரும். ஒரு நாள் பேர் விட்டுப்போனால் ஒரு வீட்டில் அரிசி குறைந்துபோகும். ஆகவே இதனைச் சிறிய காரியம் என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

இன்று நாம் பார்க்கப்போகும் வரலாறும் இதுபோன்ற ஒரு சம்பளக் கணக்கில்தான் தொடங்குகிறது. இன்னின்ன வேலையை இன்னின்ன வரிசையில் செய் என்று கணினிக்கு எழுதிக் கொடுக்கும் கட்டளைத் தொகுப்பையே மென்பொருள் என்கிறோம். கைப்பேசியில் பாட்டும் விளையாட்டும் தருவதும் மென்பொருள்தான். அதை நாம் கண்ணால் பார்க்கிறோம். ஆனால் வீடுகளுக்கு விற்காமல், தொழிற்சாலைகளுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் மட்டுமே மென்பொருள் விற்று வளர்ந்த நிறுவனங்கள் பல உண்டு. அவற்றின் பெயர்கூட நம்மில் பலருக்குத் தெரியாது. அத்தகைய தொழிலை யார் தொடங்கினார்கள், எந்த முதலை வைத்துக்கொண்டு தொடங்கினார்கள் என்பதே இன்றைய கேள்வி.

தேநீர்க் கடைக்காரர்களின் கணினி

முதலில் இலண்டன் மாநகருக்குச் செல்வோம். அங்கே லயன்ஸ் என்றொரு நிறுவனம் இருந்தது. தேயிலை, ரொட்டி, கேக், ஐஸ்கிரீம் ஆகியவற்றை விற்றது. 1894ஆம் ஆண்டு பிக்காடிலி என்னுமிடத்தில் தன் முதல் தேநீர்க் கடையைத் திறந்த அந்நிறுவனம், பிறகு நாடு முழுவதும் கடைகளைப் பரப்பியது. ஒரு கோப்பைத் தேநீரிலும் ஒரு துண்டு கேக்கிலும் கிடைக்கும் இலாபம் சில காசுகள்தாம். ஆனால் ஒவ்வொரு கோப்பைக்கும் கணக்கு எழுதியாக வேண்டும். கணக்கு எழுதும் செலவே இலாபத்தைத் தின்றுவிடும் நிலை ஏற்பட்டது.

1947ஆம் ஆண்டு லயன்ஸ் நிறுவனம் தன் அதிகாரிகள் இருவரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. போர்க்காலத்தில் பிறந்த மின்னணுக் கணிப்பொறிகளைப் பற்றி அவர்கள் அங்கே அறிந்துவந்தனர். அப்பொறிகள் விஞ்ஞானிகளின் கணக்குகளுக்காகச் செய்யப்பட்டவை. அலுவலகக் கணக்குக்கும் அவற்றைப் பயன்படுத்தலாமே என்று அவர்கள் எண்ணினர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அப்போது ஒரு கணிப்பொறியைச் செய்துகொண்டிருந்தது. அந்த வேலைக்கு லயன்ஸ் பணம் கொடுத்து உதவியது. பிறகு அதன் வழியைப் பின்பற்றித் தானே ஒரு கணிப்பொறியைக் கட்டியது. அதற்கு 'லியோ' என்று பெயரிட்டது. லயன்ஸ் மின்னணு அலுவலகம் என்பதன் ஆங்கிலச் சுருக்கமே அப்பெயர்.

1951ஆம் ஆண்டு நவம்பரில், ரொட்டி, கேக் உற்பத்தியின் மதிப்பைக் கணக்கிடும் வேலையை லியோ வாரந்தோறும் செய்யத் தொடங்கியது. ஒரு வணிக நிறுவனத்தின் அன்றாட அலுவலக வேலையை ஒரு கணினி முறையாகச் செய்தது உலகில் அதுவே முதல் தடவை எனலாம். 1954ஆம் ஆண்டு சம்பளக் கணக்கும் லியோவிடம் சென்றது. தேர்ந்த எழுத்தர் ஒருவர் ஒரு தொழிலாளியின் சம்பளத்தைக் கணக்கிட 8 நிமிடம் எடுத்துக்கொள்வார். லியோ அதை ஒன்றரை விநாடியில் முடித்தது.

இச்செய்தி பரவியதும், எங்கள் சம்பளக் கணக்கையும் போட்டுத் தருவீர்களா என்று பிற நிறுவனங்கள் கேட்டு வந்தன. இங்கிலாந்தின் போர்டு மோட்டார் நிறுவனமும் அவற்றுள் ஒன்று. 1954ஆம் ஆண்டிலேயே லயன்ஸ் நிறுவனம் 'லியோ கம்ப்யூட்டர்ஸ்' என்ற தனி நிறுவனத்தைத் தொடங்கிவிட்டது. தேநீர் விற்றவர்கள் பிற நிறுவனங்களுக்குக் கணினியும் கணக்கு முறையும் விற்கத் தொடங்கிய கதை இதுதான்.

அவர்கள் வெற்றி பெற்றதற்குக் காரணம் என்ன? அவர்கள் வேலையை அறிந்தவர்கள். ஒரு சான்று பாருங்கள். ஒவ்வொரு தேநீர்க் கடைக்கும் மறுநாள் எத்தனை ரொட்டி, எத்தனை கேக் அனுப்புவது என்று தினமும் முடிவு செய்ய வேண்டியிருந்தது. கடையை நடத்திய பெண்கள் நீண்ட பட்டியல் எழுதி அனுப்பி வந்தனர். லியோவின் ஆட்கள் அதைக் கவனித்தார்கள். பட்டியலில் பெரும்பகுதி நாளுக்கு நாள் மாறுவதே இல்லை. ஆகவே வழக்கமான அளவைக் கணினியிலேயே வைத்துவிட்டு, மாற்றத்தை மட்டும் தொலைபேசியில் சொன்னால் போதும் என்றார்கள். மறுமுனையில் இருந்த பெண் கேட்டபடியே அதை அட்டையில் துளையிட்டுப் பதிந்துவிடுவார். கடைக்காரியின் அலுப்பும் குறைந்தது, தவறும் குறைந்தது. கடையின் வழக்கத்தைக் கூர்ந்து பார்த்தவருக்கே இப்படி ஒரு வழி தோன்றும்.

நிரல் எழுதியவர்கள் யார் என்பதும் கவனிக்கத்தக்கது. லயன்ஸ் தன் சொந்த அலுவலக ஊழியர்களுக்கே பயிற்சியும் தேர்வும் வைத்து ஆள் எடுத்தது. அவ்வாறு வந்தவர்களுள் மேரி கூம்ஸ் என்ற பெண்மணியும் ஒருவர். அவர் பல்கலைக்கழகத்தில் படித்தது கணிதம் அன்று, பிரெஞ்சு மொழி. லயன்ஸ் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அவர் 1952ஆம் ஆண்டு லியோவுக்கு நிரல் எழுதத் தொடங்கினார். வணிகக் கணினிக்கு நிரல் எழுதிய முதல் பெண் என்று வரலாறு இன்று அவரைக் குறிப்பிடுகிறது.

ஆயினும் லியோ நீண்ட நாள் தனித்து நிற்கவில்லை. கணிப்பொறியைக் கட்டுவதற்கு வேண்டிய முதல் மிகப் பெரிது. 1963ஆம் ஆண்டு அது இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் கணினிப் பிரிவுடன் இணைந்தது. 1968ஆம் ஆண்டு பிரிட்டனின் கணினி நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து ஐ.சி.எல். உருவானபோது, லியோ என்ற பெயர் மெல்ல மறைந்தது.

மென்பொருளுக்குத் தனி விலை

இப்போது நேயர்களுக்கு ஓர் ஐயம் எழலாம். கணிப்பொறியைக் கட்டாமல், அதில் ஓடும் மென்பொருளை மட்டும் விற்றுப் பிழைக்க முடியாதா? நெடுநாள் அது கடினமாகவே இருந்தது. ஏனெனில் அக்காலத்துப் பெரிய நிறுவனமான ஐ.பி.எம்., கணினியோடு மென்பொருளையும் சேர்த்தே கொடுத்துவந்தது. அதற்கென்று தனி விலை இல்லை. ஒருவர் இலவசமாகக் கொடுக்கும் பொருளை இன்னொருவர் எப்படி விற்பது?

1969ஆம் ஆண்டு இந்நிலை மாறியது. சந்தையை முழுவதும் தன் பிடிக்குள் வைத்திருப்பதாகக் கூறி, அவ்வாண்டு ஜனவரியில் அமெரிக்க அரசு ஐ.பி.எம். மீது வழக்குத் தொடுத்தது. ஜூன் 23ஆம் நாள், இனி மென்பொருளுக்கும் சேவைக்கும் தனியே விலை வைப்போம் என்று ஐ.பி.எம். அறிவித்தது. சிறிய நிறுவனங்கள் நுழைவதற்கு ஒரு வாசல் திறந்தது.

ஐவர் தொடங்கிய நிறுவனம்

அந்த வாசல் வழியே நுழைந்தவர்களுள் ஐந்து ஜெர்மானியர்கள் முக்கியமானவர்கள். டீட்மர் ஹாப், ஹாசோ பிளாட்னர், கிளாஸ் சீரா, ஹான்ஸ்-வெர்னர் ஹெக்டர், கிளாஸ் வெல்லன்ராய்தர் என்பன அவர்களுடைய பெயர்கள். ஐவரும் ஜெர்மனியில் ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். நல்ல சம்பளமும் நிலையான வேலையும் இருந்தன. அவற்றை விட்டுவிட்டு, 1972ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சொந்தமாக ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். அதுதான் எஸ்.ஏ.பி.

அவர்கள் ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரே காட்சியைக் கண்டிருந்தார்கள். சம்பளம், வரவுசெலவு, கொள்முதல், இருப்பு ஆகிய இவை எங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. ஆனாலும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று புதிதாக நிரல் எழுதி வைத்துக்கொண்டிருந்தது. ஒரு தடவை நன்றாக எழுதி, அதையே பலருக்கும் விற்றால் என்ன? இதுவே அவர்களின் முதல் எண்ணம். தையற்காரர் ஒவ்வொருவருக்கும் அளவெடுத்துச் சட்டை தைப்பதற்கும், கடையில் அளவு வாரியாகத் தைத்த சட்டை விற்பதற்கும் உள்ள வேறுபாடு போன்றது அது.

இரண்டாவது எண்ணம் ஒன்றும் இருந்தது. அக்காலத்தில் விவரங்களை அட்டையில் துளையிட்டுச் சேர்த்துவைத்து, இரவில் மொத்தமாகக் கணினியில் ஓட்டுவார்கள். இன்று நடந்தது நாளைதான் தெரியும். அதற்குப் பதிலாக, திரையின் முன் அமர்ந்து எழுதியவுடனேயே கணக்கு மாறவேண்டும் என்று இவர்கள் எண்ணினர்.

எண்ணம் இருந்தது. கையில் கணினி இல்லை. அன்றைய கணினி ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும். அதன் விலையோ இவர்களால் எட்ட முடியாதது. அப்போது ஓஸ்ட்ரிங்கன் என்ற ஊரிலிருந்த ஐ.சி.ஐ. நிறுவனத்தின் நைலான் இழைத் தொழிற்சாலை இவர்களின் முதல் வாடிக்கையாளராக வந்தது. சம்பளத்துக்கும் வரவுசெலவுக்கும் நிரல் எழுதித் தருவதே வேலை. பகலில் தொழிற்சாலை தன் கணினியைப் பயன்படுத்தும். இரவிலும் வார இறுதியிலும் இவர்கள் அதே கணினியில் அமர்ந்து எழுதுவார்கள். இப்படி வாடிக்கையாளரின் இடமே இவர்களுடைய பட்டறை ஆயிற்று.

நேயர்களே, இதனை ஏழ்மையால் வந்த சங்கடம் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. பகலில் அங்கே கணக்கு எழுதுகிறவர்களோடு பேச முடிந்தது. எந்த இடத்தில் தவறு வருகிறது, எந்தத் தாளை இரண்டு தடவை எழுதுகிறார்கள், எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று நேரில் பார்க்க முடிந்தது. சொந்த அறையில் சொந்தக் கணினியோடு இருந்திருந்தால் இந்த அறிவு அவர்களுக்குக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

முதலாண்டு முடிவில் நிறுவனத்தில் 9 பேர் இருந்தனர். வருவாய் 620,000 மார்க். 1973ஆம் ஆண்டு வரவுசெலவுக் கணக்குக்கான மென்பொருள் முழுமை பெற்றது. 1975ஆம் ஆண்டு கொள்முதல், சரக்கிருப்பு, விலைப்பட்டியல் சரிபார்த்தல் ஆகியவற்றுக்கான மென்பொருளும் வந்தது.

இதன் பயனை நம் தோட்டத்து உதாரணத்தால் விளக்குகிறேன். 100 மூட்டை உரம் வேண்டுமென்று அலுவலகம் கடிதம் எழுதுகிறது. ஸ்டோருக்கு வந்து சேர்ந்தவை 96 மூட்டைதான். ஸ்டோர்க்காரர் தன் புத்தகத்தில் 96 என்று எழுதிக்கொள்கிறார். விற்றவரோ 100 மூட்டைக்குப் பணம் கேட்டுச் சீட்டு அனுப்புகிறார். மூன்று தாளும் மூன்று மேசையில் கிடந்தால், கிராணியார் 100 மூட்டைக்கே பணம் கட்டிவிடக்கூடும். ஸ்டோர்க்காரர் எழுதும்போதே அது கணக்குப் புத்தகத்திலும் ஏறுமானால், நான்கு மூட்டை குறைவது அப்பொழுதே தெரிந்துவிடும். ஒரு தடவை எழுதியது எல்லா ஏடுகளிலும் சரியான இடத்தில் ஏறும். இந்த வசதிக்குத்தான் நிறுவனங்கள் பணம் கொடுத்தன.

1976ஆம் ஆண்டு ஊழியர் 25 பேர். மறு ஆண்டு வால்டோர்ப் என்ற சிற்றூருக்கு நிறுவனம் இடம் மாறியது; ஆஸ்திரிய நாட்டிலும் வாடிக்கையாளர் கிடைத்தனர். நிறுவனம் தனக்கென்று முதல் கணினியை வாங்கியது 1979ஆம் ஆண்டில்தான். ஏழு ஆண்டுகள் பிறருடைய கணினியிலேயே வேலை நடந்தது. 1988ஆம் ஆண்டு அதன் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. இன்று அது ஐரோப்பாவின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனம். ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வேலை செய்கின்றனர். தலைமையகம் இன்றும் வால்டோர்ப்பில்தான் இருக்கிறது.

கவனிக்க வேண்டிய மறுபக்கம்

நிறுவனங்களுக்கு விற்பது வீடுகளுக்கு விற்பது போன்றதன்று. வீட்டில் வாங்குகிறவரும் பயன்படுத்துகிறவரும் ஒருவரே. பிடிக்காவிட்டால் அடுத்த நாள் மாற்றிவிடலாம். நிறுவனத்திலோ வாங்க முடிவு செய்பவர் துரை. நாள் முழுவதும் அதனோடு மாரடிப்பவர் கிராணி. துரைக்குப் பிடித்தது கிராணிக்கு உதவாமல் போகலாம். மேலும், சம்பளமும் இருப்பும் ஒரு மென்பொருளில் ஏறிவிட்டால் அதை மாற்றுவது எளிதன்று. அதனால் விற்றவருக்குப் பல ஆண்டு வருமானம் உறுதியாகிறது. வாங்கியவருக்கோ அதுவே ஒரு கட்டாகவும் ஆகிவிடலாம்.

ஒரே சட்டை எல்லாருக்கும் பொருந்துவதும் இல்லை. ஜெர்மனியின் லிடில் என்ற பெரிய மளிகைக் கடை நிறுவனம், 2011ஆம் ஆண்டில் எஸ்.ஏ.பி. மென்பொருளைக் கொண்டு தன் சரக்குக் கணக்கைப் புதிதாக அமைக்கத் தொடங்கியது. லிடில் தன் இருப்பை வாங்கிய விலையில் மதிப்பிடுவது வழக்கம். மென்பொருளின் பொது முறையோ விற்கும் விலையில் மதிப்பிடுவது. வழக்கத்தை மாற்ற லிடில் விரும்பவில்லை. மென்பொருளைத் திருத்தத் திருத்தச் செலவு ஏறியது. 2018ஆம் ஆண்டு அத்திட்டமே கைவிடப்பட்டது. ஏறத்தாழ 50 கோடி யூரோ செலவானதாகச் செய்தித்தாள்கள் எழுதின. வாங்கிய விலையா, விற்கும் விலையா என்ற ஒரு சிறு கேள்வி எவ்வளவு பெரிய காரியத்தையும் இடறச் செய்யும் என்பதற்கு இது சான்று.

கிராணிகளின் வேலை என்ன ஆகும் என்ற கேள்வியையும் நாம் ஒதுக்கிவிட முடியாது. 8 நிமிட வேலை ஒன்றரை விநாடியில் முடிந்தால், அந்த நாற்காலியில் இருந்தவருக்கு என்ன வழி? கூட்டிக் கழிக்கும் வேலை குறைந்தது உண்மை. அதையே நம்பி இருந்தவர்களுக்கு அது துன்பம் தந்திருக்கும். ஆனால் எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது, எங்கே ஏமாற்று நுழையும் என்று அறிந்தவர்களின் தேவை குறையவில்லை. மேரி கூம்ஸ் போன்றவர்களுக்குப் புதிய வேலை கிடைத்தது அந்த அறிவினால்தான்.

தென்காசியில் ஒரு நிறுவனம்

இது வெள்ளைக்காரர்களின் கதைதானே என்று சிலர் கருதலாம். 1996ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்தவரான ஸ்ரீதர் வேம்பு, தம் உடன்பிறந்தவர்களோடும் நண்பரோடும் சேர்ந்து அட்வென்ட்நெட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். தொலைத்தொடர்புக் கருவிகள் செய்யும் நிறுவனங்களுக்கு அது மென்பொருள் விற்றது. 2001ஆம் ஆண்டு வாக்கில் அந்த வாடிக்கையாளர்களின் தொழில் சரிந்தது. அப்போது நிறுவனம் துவண்டுவிடாமல், வேறு வகை நிறுவனங்களின் தேவைகளைக் கற்றுக்கொண்டு புதிய மென்பொருள்களைச் செய்தது. 2009ஆம் ஆண்டு தன் பெயரை ஸோஹோ என்று மாற்றிக்கொண்டது. 2011ஆம் ஆண்டு தென்காசிக்கு அருகில் மத்தளம்பாறை என்ற சிற்றூரில் அலுவலகம் திறந்தது. பட்டம் பெறாத பிள்ளைகளைப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் சேர்த்து, உதவித்தொகையோடு நிரல் எழுதப் பயிற்றும் கல்விக்கூடத்தையும் அது நடத்திவருகிறது.

பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே! எங்களிடம் என்ன இருக்கிறது, நாங்கள் எப்படித் தொழில் தொடங்குவது என்று பிள்ளைகள் வகுப்பில் கேட்கிறார்கள். மேற்சொன்ன வரலாற்றில் பணத்தையும் பட்டத்தையும் போலவே முதலாக நின்றது இன்னொன்று. அது, ஒரு வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பற்றிய நுட்பமான அறிவு. அந்த அறிவு நம் வீடுகளில் நிறைய இருக்கிறது. பழுத்த குலையை எப்படிக் கண்டறிவது, மழை பெய்தால் பேர் எப்படிப் போடப்பட்டது, எடையில் எங்கே பிசகு வந்தது, லோரி எங்கே காத்துக் கிடந்தது என்பதெல்லாம் உங்கள் தாய்தந்தையருக்கும் தாத்தா பாட்டிக்கும் தெரியும். தோட்டத்தை விட்டு நகருக்குச் சென்ற குடும்பங்களிலும் இந்த அறிவு அழிந்துவிடவில்லை. பணிமனையிலும் கிடங்கிலும் அங்காடியிலும் வேலை செய்கிறவர்கள் இன்று அதுபோன்ற அறிவை நாள்தோறும் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆகவே பெற்றோர்கள் தங்கள் வேலையைப் பற்றிப் பிள்ளைகளிடம் கூச்சமின்றிப் பேச வேண்டும். பிள்ளைகள் கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக எழுதிப் பழக வேண்டும். முதலில் என்ன நடக்கிறது, அடுத்து என்ன, யார் யாரிடம் எதைக் கொடுக்கிறார்கள், தவறு எங்கே நேர்கிறது என்று எழுதட்டும். நிரல் எழுதுவதைப் பள்ளியிலும் கல்லூரியிலும் கற்றுக்கொள்ளலாம். எழுதவேண்டியது எது என்பதை வேலை செய்கிறவரிடமிருந்துதான் கற்க முடியும். அந்த ஐந்து ஜெர்மானியர்களும் இரவெல்லாம் கண்விழித்து அதைத்தான் கற்றார்கள்.